ஊசி விழுந்தாலும் கேட்கும் வீடு

இனி வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று அலுவலகத்தில் சொன்ன நாளில் வருத்தப்பட்ட ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். மற்றவர்கள் எல்லோரும் பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி குதித்தார்கள். போக வர ஆகும் நேரம் மிச்சம் என்றார்கள். இடுப்பு வலி தீரும், செருப்பு தேயாது, மழையில் நனைந்த துணியோடு நாள் முழுக்க உட்கார வேண்டாம் என்றார்கள். எல்லாம் உண்மைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் எனக்கு என் பேருந்து போய்விட்டதே என்றுதான் இருந்தது. பேருந்துக்காக ஏங்குகிற பைத்தியத்தை இப்போதுதான் பார்க்கிறேன் என்று வீட்டுக்காரர் சிரித்தார். சிரிக்கட்டும். அவர் லிஃப்ட் மெக்கானிக். ஏறி இறங்குவது மட்டும்தான் அவருக்குப் பயணம்.

என் வேலை அப்படிப்பட்டது. விடுதிகளில் அறை பதிவு செய்துவிட்டு ஏமாந்து போனவர்கள் போனில் எங்களைத்தான் கூப்பிடுவார்கள். கடல் தெரியும் அறை என்று படத்தில் பார்த்துவிட்டுப் போனவருக்கு, ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்துத் தண்ணீர்த் தொட்டி தெரியும். அவர் திட்டுவார். நான் வாங்கிக்கொள்வேன். குரலில் சிரிப்பு இருக்க வேண்டும், ஆனால் சிரிக்கிறோம் என்று தெரிந்துவிடக் கூடாது. அதற்குத்தான் சம்பளம்.

திருப்பிச் சொல்ல முடியாத பதில்களை எல்லாம் நாள் முழுக்கத் தொண்டையில் அடைத்து வைத்திருப்பேன். சாயங்காலப் பேருந்தில்தான் அவிழ்த்து விடுவேன். என் பக்கத்து இருக்கையில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்காரி வருவாள். அவளுக்கும் நாள் முழுக்க வாடிக்கையாளர் தொல்லைதான். வண்டி கிளம்பியதும், "ம், ஆரம்பி. இன்னைக்கு யாரு?" என்பாள். அவள் அந்த ஆளாக நடிப்பாள், நான் பதில் சொல்வேன். "ஏன் சார், தொட்டியிலயும் தண்ணிதான் இருக்கு, கடல்லயும் தண்ணிதான் இருக்கு. அப்புறம் உங்களுக்கு என்ன சார் குறை?" பின் இருக்கைக்காரர்கள் முதுகுக்குப் பின்னால் சிரிப்பார்கள். பிறகு என் முறை. நான் கண்ணாடி மாற்ற வந்தவளாக நடிப்பேன், அவள் கிழி கிழி என்று கிழிப்பாள். எங்கள் நிறுத்தம் வரும்போது வாயில் ஒரு கசப்பும் மிச்சம் இருக்காது. வீட்டுக்குப் போகிற பெண் சுத்தமாக இருப்பாள்.

காலைப் பேருந்து வேறு மாதிரி. அதில் பேச மாட்டேன். ஜன்னலில் தலையைச் சாய்த்துக்கொண்டு வருவேன், அவ்வளவுதான். அந்த நேரத்தில் நான் யாருக்கும் அம்மா இல்லை, மருமகள் இல்லை, "வணக்கம், எப்படி உதவலாம்" இல்லை. மூடியிருக்கும் கடைகளையும் பல் துலக்கிக்கொண்டு வாசலில் நிற்பவர்களையும் பார்த்துக்கொண்டே போவேன். அந்த ஜன்னலோரத்தை விட்டால் அப்படிச் சும்மா உட்கார எனக்கு வேறு இடம் இருந்ததில்லை.

அந்தப் பேருந்துக்கு நான் கொடுத்ததும் கொஞ்சம் இல்லை. கிளம்பும்போது என் மகள் தூங்கிக்கொண்டிருப்பாள், திரும்பும்போது தூக்கத்துக்குத் தயாராகிவிடுவாள். பகலில் அவளைப் பார்த்துக்கொண்டது என் மாமனார். மாமாவைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் அவர் எப்படிப்பட்ட ஆள் என்று தெரியும். ஒரு நாள் நான் வீட்டுக்குள் நுழைந்ததும், "பாப்பா இன்னைக்கு நடந்துருவா போலிருக்கே, கொஞ்சம் கையை நீட்டிப் பாரும்மா" என்றார். நீட்டினேன். அவள் சுவரை விட்டுவிட்டுத் தத்தக்கா பித்தக்கா என்று நடந்து வந்து என் மேல் விழுந்தாள். நான் அழுதுவிட்டேன். முதல் நடையை நானே பார்த்துவிட்டேன் என்று அலுவலகம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அவள் அதற்கு முன்பே வீட்டைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டுதான் இருந்தாள் என்பது பல மாதம் கழித்து வீட்டுக்காரர் வாய் தவறி உளறியதில் தெரிந்தது. மாமா யாரிடமும் மூச்சு விடவில்லை.

மூச்சு விடாமல் இருப்பது அவருடைய தொழில். காலம் முழுக்க ஒரு பெரிய நூலகத்தில் வேலை பார்த்தவர். வாசிக்கும் கூடத்தில் யாராவது பேசினால் உதட்டில் விரல் வைத்துக்கொண்டு போய் எதிரில் நிற்பது அவர் வேலை. சண்டை போட மாட்டார், சும்மா நிற்பார். பேசியவர்கள் வெட்கப்பட்டுப் போய்விடுவார்களாம். ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் கூடத்தை அவர் கூடவே வைத்துக்கொண்டிருந்தார். அடுத்த அறையில் இருப்பவரைக் கூப்பிட மாட்டார், எழுந்து பக்கத்தில் வந்துதான் சொல்வார். செய்தித்தாளைப் புரட்டினால் சத்தம் வராது. அது எப்படி என்று இன்று வரை எனக்குத் தெரியாது.

இந்த வீட்டுக்குள்தான் ஒரு நாள் என் அலுவலகம் வந்து உட்கார்ந்தது. உள் அறையில் ஒரு மேசை, லேப்டாப், காதில் ஹெட்போன். அலுவலகக் கூடத்தில் எத்தனையோ பேர் ஒரே நேரத்தில் பேசுவோம், சந்தைக்கடை மாதிரி இருக்கும். அங்கே யார் தும்மினாலும் யாருக்கும் தெரியாது. வீட்டில் அப்படி இல்லை. பின்னால் ஏதாவது சத்தம் கேட்டால், எங்கள் பேச்சுப் பதிவுகளைக் கேட்பதற்கென்றே இருக்கும் பிரிவு ஒரு கரும்புள்ளி வைத்துவிடும். புள்ளி சேர்ந்தால் கூப்பிட்டு விசாரிப்பார்கள். எங்கள் குழுவில் ஒருத்தி பேசிக்கொண்டிருந்தபோது அவள் வீட்டுக்காரர் குளியலறையில் உச்ச சுருதியில் பாட, மறுமுனையில் இருந்த வாடிக்கையாளர் தன் புகாரை விட்டுவிட்டு, "பாடறது யாரும்மா?" என்று கேட்டுவிட்டார். அவளுக்குப் புள்ளி. பாடியவருக்கு என்ன கிடைத்தது என்று அவள் சொல்லவில்லை.

எனக்கும் முதல் வாரத்திலேயே புள்ளி விழுந்தது. பாப்பா கதவைத் தட்டி "அம்மா" என்று அலறியதற்கு. அன்று சாயங்காலம் நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்த மாமா, "இவ்வளவுதானே, என்கிட்ட விடு" என்றார்.

எள் என்றால் எண்ணெயாக நிற்கிற குடும்பம் எங்களுடையது. வீட்டுக்காரர் அடுத்த நாளே வேலையிடத்திலிருந்து கிரீஸ் டப்பாவைக் கொண்டு வந்து வீட்டிலுள்ள ஒவ்வொரு கீலுக்கும் தடவினார். பழைய ரப்பர் பெல்ட்டை வெட்டி நாற்காலிக் கால்களுக்கு அடியில் ஒட்டினார். மிக்ஸிக்கு என் இடைவேளையில் மட்டும் அனுமதி. மாமா பாப்பாவுக்குக் கை மொழி ஒன்றை உண்டாக்கினார். உள்ளங்கையைக் கவிழ்த்துக் காட்டினால் அம்மா பேசுகிறாள். காதை இரண்டு விரலால் தொட்டால் அம்மா ஹெட்போனைக் கழற்றிவிட்டாள், ஓடலாம். தாடையைத் தட்டினால் பசி. ஊருக்குள் குழந்தைகள் பாட்டுப் படித்துக்கொண்டிருந்த வயதில் என் மகள் இதைப் படித்தாள்.

அழகாக இருந்தது. பொய் சொல்ல மாட்டேன், அந்த நாட்களை நினைத்தால் இன்றும் எனக்கு ஆசையாகத்தான் இருக்கிறது. இடைவேளையில் கதவைத் திறந்தால் கூடத்தில் ஊமைப்படம் ஓடிக்கொண்டிருக்கும். மாமா சிங்கமாகத் தவழ்வார். எங்கள் வீட்டுச் சிங்கம் வாயை மட்டும்தான் திறக்கும், கர்ஜிக்காது. பாப்பா பயந்து ஓடுவாள், அதுவும் நுனிக்காலில். பிடிபட்டதும் விழுந்து விழுந்து சிரிப்பாள். தோள் குலுங்கும், கண்ணில் நீர் வரும், வாய் காது வரைக்கும் போகும், சத்தம் மட்டும் வராது. நான் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். பேருந்தில் போயிருந்தால் இதைப் பார்த்திருக்க முடியுமா என்று நினைத்துக்கொள்வேன். மத்தியானச் சோறு சூடாகச் சாப்பிட்டேன். மகளுக்கு நானே ஊட்டினேன். என்ன குறை?

குறை இருந்தது, அது எனக்குள்ளேயே கிடந்தது. சாயங்காலம் ஹெட்போனைக் கழற்றியதும் நேராகக் கூடம்தான். நடுவில் பேருந்து இல்லை, கண்ணாடிக் கடைக்காரி இல்லை. தொண்டையில் அடைத்த பதில்களோடுதான் சோறு பிசைவேன். ஒன்றுமில்லாததற்கு வீட்டுக்காரர் மேல் பாய்வேன். பாய்வதும் கிசுகிசுப்பில்தான், ஏனென்றால் அதற்குள் வீடே கிசுகிசுப்புக்குப் பழகிவிட்டது. வேலை இல்லாத நாளில்கூட நாங்கள் யாரும் குரலை உயர்த்துவதில்லை. அது யாருக்கும் உறைக்கவில்லை.

இப்படி ஒரு வருஷத்துக்கு மேல் ஓடியது. ஒரு நாள் மீட்டிங்கில் எங்கள் டீம் லீடர் எல்லோர் முன்னாலும் என்னைப் புகழ்ந்தாள். "இவங்க வீட்ல மூணு வயசுக் குழந்தை இருக்காம். பதிவைக் கேட்டா நம்பவே முடியாது. ஆளில்லாத வீடு மாதிரி இருக்கு. எப்படிங்க செய்யறீங்க? மத்தவங்களுக்கும் கொஞ்சம் சொல்லிக் குடுங்க" என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. மாமாவிடம் வந்து சொன்னேன். அவர் முகத்தில் அப்படி ஒரு வெட்கம். நூலகத்தில்கூட யாரும் அவரை அப்படிப் பாராட்டியதில்லை என்று நினைக்கிறேன்.

அதே மீட்டிங்கில்தான் இன்னொன்றும் சொன்னார்கள். விருப்பப்பட்டவர்கள் அடுத்த மாதத்திலிருந்து அலுவலகத்துக்கே திரும்பலாம், மற்றவர்கள் நிரந்தரமாக வீட்டிலேயே இருக்கலாம். எது என்று வெள்ளிக்கிழமைக்குள் சொல்ல வேண்டும். பிறகு மாற்ற முடியாது.

வீட்டுக்காரருக்கு இதில் யோசிக்க ஒன்றுமே இல்லை. "வீடுதான். இதுல என்ன கேள்வி? நீ பக்கத்துலயே இருக்க, குழந்தை உன்னைப் பாத்துக்கிட்டே வளரறா. இதுக்கு மேல என்ன வேணும்?" என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது. பேருந்து என் சொந்த ஆசை. என் ஆசைக்காகக் குழந்தையை விட்டுவிட்டுப் போவதா? வீடு என்றே சொல்லிவிடலாம் என்று முடிவு செய்துவிட்டேன்.

வாரத்தின் நடுவில் கீழ்வீட்டுத் தையல்காரம்மாவிடம் பாப்பாவுக்கு ஒரு சட்டை தைக்கக் கொடுக்கப் போனேன். அவர்கள் அந்த வீட்டுக்குக் குடிவந்து பல மாதங்கள் ஆகியிருந்தன. அளவுக்கு என்று பழைய சட்டையை நீட்டினேன். கையில் வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "யாருக்கும்மா இது? ஊர்லேருந்து விருந்தாளி வந்திருக்காங்களா?" என்றார்கள்.

"என் பொண்ணுக்கு."

"உங்க பொண்ணா? மேல குழந்தை இருக்கா?" என்று வாயில் கை வைத்துக்கொண்டார்கள். "நீங்க, உங்க வீட்டுக்காரர், மாமனார், மூணு பேர் மட்டும்தான்னு நெனச்சேன். ஒரு பொட்டுச் சத்தம் கேட்டதில்லையே!"

நான் சிரித்தேன். பெருமையாகக்கூட இருந்தது. மாடி ஏறும்போது பாதியில் அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது. ஏன் என்று அப்போது எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

மறுநாள் மத்தியானம் ஒரு வாடிக்கையாளர் பிடி பிடி என்று பிடித்துக்கொண்டிருந்தார். அறையில் வெந்நீர் வரவில்லை என்பதற்காக என் பரம்பரையையே இழுத்துக்கொண்டிருந்தார். மாமா மொட்டை மாடியில் துணி எடுக்கப் போயிருந்தார். பாப்பா கூடத்தில் விளையாடிக்கொண்டிருந்தாள். நான் கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, உங்கள் வருத்தம் புரிகிறது என்று விதவிதமாகச் சொல்லி ஒரு வழியாக அவரை அனுப்பி வைத்தேன். ஹெட்போனைக் கழற்றித் திரும்பினேன்.

என் நாற்காலிக்குப் பின்னால் பாப்பா நின்றுகொண்டிருந்தாள். இடது கை விரலை வலது கையால் பிடித்திருந்தாள். விரல் நீலமாகிவிட்டது. அலமாரி இழுப்பறையில் நசுங்கியிருக்கிறது. வாய் பிளந்திருந்தது, முகம் சிவந்து, கழுத்து நரம்பெல்லாம் புடைத்து, கண்ணீர் கொட்டி சட்டையின் முன்பக்கம் நனைந்திருந்தது. ஒரு சின்னச் சத்தம்கூட இல்லை. நான் பேசி முடிப்பதற்காகக் காத்துக்கொண்டு நின்றாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ!

நான் அலறிவிட்டேன். அந்த வீட்டில் அன்று கேட்ட சத்தம் என்னுடையது மட்டும்தான்.

பக்கத்துத் தெரு டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம், நானும் மாமாவும். எலும்புக்கு ஒன்றுமில்லை என்றார் டாக்டர். விரலைப் பிடித்து மெல்ல மடக்கிப் பார்த்தார். பாப்பா வாயைத் திறந்தாள், கண்ணீர் கொட்டியது, சத்தம் வரவில்லை. டாக்டர் விரலை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"குழந்தைக்குப் பேச்சு வருமாம்மா?"

"நல்லாப் பேசுவா டாக்டர். வாயாடி" என்றேன். சொல்லும்போதேதான் எனக்கு உறைத்தது. அவள் பேசுவதெல்லாம் காதுக்குள் பேசுவதுதான்.

டாக்டர் குனிந்து, "வலிக்குதுல்ல? அழுதுரு கண்ணு. இங்க யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்றார்.

பாப்பா டாக்டரைப் பார்க்கவில்லை. என் முகத்தையும் பார்க்கவில்லை. என் காதைப் பார்த்தாள். ஒரு காதைப் பார்த்துவிட்டு, தலையைச் சாய்த்து இன்னொரு காதையும் பார்த்தாள். ஹெட்போன் இல்லை. இருந்தாலும் எதற்கு வம்பு என்று நினைத்தாளோ என்னவோ, வாயை மூடிக்கொண்டு என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம் வந்தது. யார் மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. வெந்நீர்க்காரர் மேலும், புள்ளி வைக்கிற பிரிவு மேலும், கிரீஸ் டப்பா மேலும் வந்தது.

வீட்டுக்காரர் வந்ததும் நான் சுற்றி வளைக்கவில்லை. "நான் ஆபீசுக்கே போறேங்க" என்றேன்.

"விரல் நசுங்கினதுக்கு ஆபீஸ் போறதா? எந்த வீட்ல குழந்தைக்கு அடிபடல?"

"அடிபடட்டும். அடிபட்டா அழணும். அவ அழலைங்க."

"வளர வளர சரியாப் போயிரும். நீ போயிட்டா அவளுக்கு ஏக்கம் வந்துரும். அப்புறம் அது வேற. குழந்தைக்காகத்தானே வீட்ல இருக்கே?"

"குழந்தைக்காகத்தான் இருக்கேன். ஆனா நான் இருக்கேங்கிறதுக்காக அவ இல்லாத மாதிரியே வளர்றா. கீழ்வீட்டுக்காரங்களுக்கு நமக்கு ஒரு பொண்ணு இருக்குறதே தெரியலைங்க! வாயுள்ள பிள்ளைதான் பிழைக்கும்னு சொல்லுவாங்க. இவ எப்படிங்க பிழைப்பா?"

அவர், தான் ரப்பர் ஒட்டிய நாற்காலிக் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் மாமா எழுந்து பக்கத்தில் வந்தார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை. அவரை நான் குற்றம் சொல்லவில்லை, ஆனால் எப்படிச் சொன்னாலும் அது அவர் மேல்தான் போய் விழுந்திருக்கும்.

"எனக்குத் தெரிஞ்சதை நான் சொல்லிக் குடுத்துட்டேன்" என்றார் மெதுவாக. "லைப்ரரிக்கு வர்றவங்க படிச்சுட்டு வெளிய போயிருவாங்க. வெளிய போய் எவ்வளவு வேணா சத்தம் போடுவாங்க. இவ எங்கம்மா போவா? இவளுக்கு வெளியவே இல்லையே." என் பக்கம் திரும்பினார். "நீ போயிட்டு வா. வீட்டை எங்ககிட்ட குடுத்துட்டுப் போ. நானும் சத்தம் போடக் கத்துக்கறேன்."

வெள்ளிக்கிழமை டீம் லீடரிடம் அலுவலகம் என்று சொன்னேன். "ஐயோ, நீங்களா? உங்க வீட்டையில்ல நான் எல்லாருக்கும் உதாரணமாச் சொல்லிட்டிருக்கேன்!" என்றாள். இனிமேல் சொல்லாதீர்கள் என்றேன், குரலில் சிரிப்போடு.

மாதம் பிறக்கும் வரை மாமா பட்ட பாடு இருக்கிறதே! அவர் போய் எத்தனையோ வருஷங்கள் ஆகிவிட்டன. அந்த வீட்டிலும் இப்போது யார் யாரோ இருக்கிறார்கள். அவரை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அந்த நாட்கள்தான். விடுமுறை நாளில் என் அறைக் கதவை விரியத் திறந்து வைத்துவிட்டு, கூடத்தின் நடுவில் நின்றுகொண்டு கர்ஜிக்க முயற்சி செய்வார். பூனை தும்மிய மாதிரி ஒன்று வரும். அவரே வெட்கப்பட்டுப் பின்னால் திரும்பிப் பார்த்துக்கொள்வார், யாரோ படித்துக்கொண்டிருப்பது போல. தட்டையும் கரண்டியையும் எடுத்துத் தட்டிப் பார்த்தார். நாற்காலி ரப்பரை எல்லாம் வீட்டுக்காரர் பிய்த்து எறிந்தார். நாங்கள் மூன்று பெரியவர்களும் கிறுக்குப் பிடித்தது போல வீட்டுக்குள் கத்திக்கொண்டு திரிந்தோம். பாப்பா எங்களை ஒரு மாதிரிப் பார்த்தாள். ஓடி வந்து உள்ளங்கையைக் கவிழ்த்துக் காட்டி, உதட்டில் விரல் வைத்தாள். மாமா நூலகத்தில் உதட்டில் வைத்த விரல் அப்படியே அவள் கையில் இருந்தது. அவர் சமையலறைக்குப் போய்விட்டார்.

அலுவலகம் போகும் நாள் வந்தது. காலையில் நானே அவளைக் குளிப்பாட்டிச் சோறு ஊட்டினேன். என் அறைக்குக் கூட்டிக்கொண்டு போய் வெறும் மேசையைக் காட்டினேன். ஹெட்போனை அவள் கண்ணெதிரிலேயே கைப்பையில் போட்டு மூடினேன்.

"அம்மா ஆபீசுக்குப் போறேன். சாயங்காலம் வந்துருவேன். தாத்தா இருக்காங்க. சரியா?"

தலையாட்டினாள். அழுவாள் என்று மனசைத் தயார் செய்து வைத்திருந்தேன். வாசல் வரைக்கும் வந்து, சமத்தாகக் கையசைத்தாள். மாமா அவள் பின்னால் நின்றார். கதவு மூடியது, கிரீஸ் போட்ட கதவு, சத்தமே இல்லை. செருப்பை மாட்டிக்கொண்டு படி இறங்கினேன். முதல் திருப்பத்தில் நின்று காது கொடுத்தேன். ஒன்றுமில்லை. காலம் கடந்துவிட்டது, இனி அவள் சத்தம் திரும்பி வராது என்று நினைத்தேன். என் வாழ்க்கையில் அப்படி ஒரு பயம் அதற்கு முன்னும் பின்னும் எனக்கு வந்ததில்லை.

இன்னும் கொஞ்சம் இறங்கியிருப்பேன். மேலே விக்கல் மாதிரி ஏதோ கேட்டது. ரொம்ப நாள் திறக்காத குழாயில் தண்ணீருக்கு முன்னால் காற்று வருமே, அப்படி. பிறகு இன்னொன்று. பிறகு வயிற்றுக்குள்ளிருந்து, "அம்மா!" என்று ஒரு கத்தல். படிக்கட்டுச் சுவரெல்லாம் அதிர்ந்தது. அதன் பின்னாலேயே அழுகை, ஓ என்று, மூச்சு முட்ட முட்ட, நிறுத்தாமல்.

என் கால் தானாகவே திரும்பிவிட்டது. இரண்டிரண்டு படியாகத் தாவி மேலே ஓடினேன். எங்கள் வாசலுக்குக் கொஞ்சம் கீழே வந்திருப்பேன், கதவு திறந்தது. மாமா. அவர் இடுப்பில் அவள், கையைக் காலை உதைத்துக்கொண்டு. வாழ்நாளில் ஒருவரையும் அடுத்த அறையிலிருந்து கூப்பிடாத மனிதர், அந்தக் கட்டடம் முழுக்கக் கேட்கும்படி கத்தினார்.

"வராதம்மா! மேல வராத! அவ அழட்டும்! நான் இருக்கேன், நீ போ!"

குரல் உடைந்து போயிருந்தது. சத்தத்திலா, வேறு எதிலா என்று எனக்குத் தெரியவில்லை. தாத்தா கத்துவதைக் கேட்டு அவள் ஒரு நொடி அசந்து நின்றாள். பிறகு அவரையும் மிஞ்சிக்கொண்டு கத்தினாள். எதிர்வீட்டுக் கதவு திறந்தது, மேல்வீட்டிலிருந்து யாரோ எட்டிப் பார்த்தார்கள். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன்.

தெருவுக்கு வந்தும் கேட்டது. எங்கள் ஜன்னலுக்கு நேர் கீழே நிறுத்தம். பேருந்து வந்தது, எனக்கு ஏற மனம் வரவில்லை, விட்டுவிட்டேன். முதல் நாளே தாமதம், ஆகட்டும் என்று நின்றேன். அவள் தொண்டை கட்டி, தேம்பி, திரும்பவும் எடுத்துக்கொண்டு கத்தினாள். போகிறவர்கள் நிமிர்ந்து பார்த்துவிட்டுப் போனார்கள். காய்கறிப் பையோடு போன ஒரு பெரியவர் என் பக்கத்தில் நின்று, "யார் வீட்டுக் குழந்தைம்மா, இப்படிக் கத்துது?" என்று அலுத்துக்கொண்டார்.

"என் பொண்ணுங்க" என்றேன். என் முகத்தில் கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அவருக்கு அந்தச் சத்தத்திலும் கேட்க வேண்டும் என்று இன்னொரு முறை உரக்கச் சொன்னேன்.